காதுமெஷின் கற்ற பாடம்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

இங்கே நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று நீ வீடியோ காலில் பேசியபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குக்கர் விசில் கேட்டது, நம் சின்னவள் அழுவதும் கேட்டது. வாயசைக்கிறாய், உன் குரல் மட்டும் இல்லை! இருந்த கொஞ்சக் காதும் போயிற்றென்று பதறி, காது டாக்டரிடம் ஓடினேன். அவர் சிரித்தார்.

“உங்க புது காதுமெஷின்ல ஏஐ இருக்குங்க. நீங்க அடிக்கடி குறைக்கிற சத்தத்தை அதுவே அடக்கிடும். வீட்டுக்காரம்மா பேசுறப்பல்லாம் குறைச்சீங்களா?”

குறைத்தேன்தான். பழைய பழக்கத்தில் நீ இன்னும் கத்தித்தானே பேசுகிறாய்!

பயப்படாதே. உன் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தால் மெஷின் திருந்திவிடுமாம். தினமும் பேசி அனுப்பு. திட்டினாலும் சரி, மெதுவாகத் திட்டு.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது. நீளமாகவே திட்டு.

உன்
அரைச்செவிடன்