அத்தை படித்துவிட்டுத்தான் அழுத்தினார்

என் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

எல்லோரும் நலம் என்றுதான் முதலில் எழுதினேன், பிறகு அதை அடித்துவிட்டேன், பெற்ற பெண்ணிடம் எதற்குப் பொய். இங்கே முக்கால்வாசி நலம். உன் அப்பாவின் முழங்கால் வலி பழையபடிதான், ஆனால் எங்கேயாவது லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டால் மட்டும் அந்த வலி எங்கே போகிறதோ தெரியவில்லை, ரிப்பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புதுப் பையன் மாதிரி ஓடுகிறார். எனக்குத் தையல் வேலை நிமிர நேரமில்லாமல் வருகிறது. எதிர் மாடி டீச்சரம்மா போன வாரம் இளைத்துவிட்டேன் பிடித்துத் தையுங்கள் என்றார், இந்த வாரம் பிரித்துவிடச் சொல்லி அதே கோட்டோடு வந்து நிற்கிறார், சிரிக்காமல் வாங்கி வைத்திருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய், மாப்பிள்ளை எப்படி இருக்கிறார், வயிற்றில் இருப்பவர் உதைக்க ஆரம்பித்தாரா? மீதி கால்வாசி உன் அத்தை. அவருக்காகத்தான் இந்தக் கடிதம்.

ஃபோனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். நம் வீட்டுச் சுவரின் லட்சணம் உனக்குத் தெரியாதா, இந்த அறையில் தும்மினால் அந்த அறையிலிருந்து ஆயுசு நூறு என்று குரல் வரும். அதோடு, அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஃபோன் மணி அடித்தாலே அத்தை எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்கிறார். நான் பேசி முடித்த பிறகுதான் தண்ணீர் நிற்கிறது. நீயும் அவரைக் கூப்பிடு என்று கேட்பதில்லை, அவரும் கொடு என்று கை நீட்டுவதில்லை. நம் வீட்டு ரேடியோ நின்றுவிட்டது பாப்பா. நீ வைத்த பெயர்தானே அது, பிஸ்கட் பாக்கெட்டில் இருப்பதையும் கரண்ட் பில்லையும் லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையையும் அத்தை வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டுக் கேட்டு வைத்த பெயர். இப்போது மருந்து பாட்டிலைக்கூட உதடு அசையாமல் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார். வீட்டில் இவ்வளவு அமைதி எனக்குப் பழக்கமில்லை, பயமாக இருக்கிறது.

உனக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். பேங்கிலிருந்து பேசுவதாக ஒருவன் கூப்பிட்டான், உங்கள் கணக்கில் திருட்டு நடக்கப் போகிறது, பணத்தைப் பத்திரமான வேறு கணக்குக்கு மாற்றுங்கள் என்றான், அத்தை தன் ஓய்வுப் பணத்தில் பாதியை அனுப்பிவிட்டார். அனுப்பும் முன், திருட்டைப் பிடிக்க உங்கள் ஆபீஸ் பேங்குக்குச் செய்து கொடுத்த உன் மெஷின் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டது. (இந்த வீட்டில் மெஷின் என்றால் என் தையல் மெஷின்தான், அதனால் உன்னுடையதைப் பாப்பா மெஷின் என்றுதான் நாங்கள் சொல்வது.) எல்லாக் கேள்விக்கும் அத்தை இல்லை இல்லை என்று அழுத்தினார், அது விட்டுவிட்டது. மீதிப் பாதியை அனுப்பப் போனபோது பாப்பா மெஷின் இறுக்கிப் பிடித்துக்கொண்டது, அதே கணக்குக்கு வேறு வயதானவர்களின் பணமும் அன்று போய்க்கொண்டிருந்ததை அது கண்டுபிடித்துவிட்டதாமே, அப்பா சொன்னார். அதற்கப்புறம் எந்தப் பதிலுக்கும் அசையவில்லை. பேங்கிலிருந்து நிஜமாகவே ஒரு பெண் கூப்பிட்டபோது அத்தை அவளைத் திட்டி வைத்தார். பணம் வராத கோபத்தில் திருடன் அத்தையைச் சொல்லக்கூடாத வார்த்தையால் ஏசினான், அப்போதுதான் இவருக்கு விளங்கியது. சாயங்காலம் நீ கூப்பிட்டாய். அவ்ளோ பெரிசா எழுதிக் கேட்டுச்சே அத்தை, படிக்காமலேயா அழுத்தினீங்க என்று கேட்டாய். பதறிப்போய்க் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்விகளை எழுதியதே நீதான், ஒவ்வொரு வார்த்தைக்கும் நீ பட்ட பாட்டை எங்களிடம் சொல்லியிருக்கிறாய். அத்தை ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

படித்தார் பாப்பா. ஒரு எழுத்து விடாமல் படித்தார். நான் அடுத்த அறையில் தைத்துக்கொண்டிருந்தேன், என் காதாலேயே கேட்டேன். பிரசவ வார்டில் அத்தை எப்படி வேலை பார்த்தார் என்று உனக்குத் தெரியும். டாக்டர் ஃபோனில் மருந்தின் பெயரும் அளவும் சொல்வார், அத்தை அதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்வார், அந்தப் பக்கத்திலிருந்து சரி என்று குரல் வந்த பிறகுதான் ஊசியில் மருந்து ஏறும். வேலையை விட்ட பிறகும் கைக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. அன்றைக்கு அந்தத் திருடன் ஃபோனை வைக்காமல் ஸ்பீக்கரில் இருந்தான். உன் கேள்வி திரையில் வந்தது. அனுப்பச் சொல்லி யாராவது உங்களை அவசரப்படுத்துகிறார்களா என்று அத்தை கணீரென்று படித்தார். அவன் கரெக்ட் மேடம், இல்லைன்னு அழுத்துங்க என்றான். இல்லை, அழுத்தறேன் என்று அத்தை திருப்பிச் சொன்னார். அடுத்து, வீட்டாரிடம் சொல்ல வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா என்று படித்தார், அதற்கும் அவன்தான் சரி சொன்னான். நீ பார்த்துப் பார்த்து எழுதிய வார்த்தைகளை உன் அத்தை ஒரு திருடனுக்குப் படித்துக் காட்டி அவனிடமே சரி வாங்கினார். எனக்குக் காதில் விழுந்தது, ரேடியோ பாடுகிறது என்று நினைத்துக்கொண்டு பெடலை மிதித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை நின்று கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும், சொல்.

இனிமேல்தான் உனக்குத் தெரியாதது. முந்தாநாள் அத்தையின் உடுப்பைப் பிடித்துத் தைக்க அளவு வைத்துக்கொண்டிருந்தேன், டீச்சரம்மா மாதிரி இல்லை, இவர் நிஜமாகவே இளைத்துவிட்டார். என் வாய் நிறையக் குண்டூசி, குறுக்கே பேச முடியாது, அதனால்தான் சொன்னாரோ என்னவோ. அந்த ஆள் கூப்பிட்ட உடனே அத்தை பயந்துவிடவில்லையாம். என் தம்பி பொண்ணே இந்த மாதிரித் திருட்டைப் பிடிக்கிற வேலையிலதான் இருக்கா, என்கிட்டயேவா என்று பெருமையாகக் கேட்டாராம். அந்தப் பாவி குரலை இறக்கி, எந்த ஊர் எந்த ஆபீஸ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டானாம். அத்தை எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், நீ மாசமாக இருப்பதையும் சேர்த்து. அப்புறம் அவன், எப்படிச் சொல்றதுன்னே தெரியல மேடம், அந்தப் பொண்ணு மேலதான் இப்ப சந்தேகம், அவங்க ஆபீஸ் வழியாத்தான் உங்க கணக்கு விவரம் வெளிய போயிருக்கு, நீங்க சத்தமில்லாமப் பணத்தை மாத்தினா அவங்க மேல தப்பில்லன்னு நாங்க காட்டிடலாம், வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு, அவங்க காதுக்குப் போக வேண்டாம் என்றானாம். அவன் நாசமாய்ப்... வேண்டாம், பிள்ளைத்தாய்ச்சி படிக்கிற கடிதத்தில் சாபம் எழுதக் கூடாது. ஆக, அத்தை அழுத்திய ஒவ்வொரு இல்லையும் உனக்காக அழுத்தியது. பேங்க் பெண்ணைத் திட்டியதும் உனக்காகத்தான், உன்னை மாட்டிவிடப் பார்க்கிறாள் என்று நினைத்து. இதைத்தான் நீ கேட்டபோது அவர் வாய் திறந்து சொல்லவில்லை. பாப்பாவுக்குத் தெரிய வேண்டாம், தன்னாலதான்னு நினைச்சுப்பா என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்று எனக்கே நிச்சயமில்லை, வாயில் குண்டூசியோடு செய்த சத்தியம் எப்படிச் சத்தியமாகும்.

உன் அப்பாவுக்கு இது இன்னும் தெரியாது. அன்றைக்கு அவர் கோபத்தில், நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க என்று கத்தினார், தெரிந்தால் அதை நினைத்து நினைத்தே உருகிவிடுவார், மெதுவாகச் சொல்லிக்கொள்கிறேன். மறுநாள் அவரே சமாதானமாக, விடுக்கா, யானைக்கும் அடி சறுக்கும் என்றார். அதற்கு அத்தை, யானை சறுக்கினா யானைக்குத்தான் அடி, நர்ஸ் சறுக்கினா கட்டில்ல படுத்திருக்கிறவளுக்குடா அடி என்றார். அவ்வளவுதான் அன்று முழுக்க அவர் பேசியது. பணம் போனதற்காக அவர் இப்படி ஆகவில்லை பாப்பா, பேங்கில் கொஞ்சமாவது மீட்டுத் தரப் பார்க்கிறோம் என்கிறார்கள், அதை அவரிடம் சொன்னால் காது கொடுத்தே கேட்பதில்லை. உன் பிரசவத்துக்கு வரமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டார். கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி கட்டி வைத்திருந்தாரே, பஞ்சு, தெர்மாமீட்டர், நான் தைத்த குட்டிச் சட்டைகள், எல்லாவற்றையும் எடுத்து மடித்து என் துணி அலமாரியில் வைத்துவிட்டார். ஏன்க்கா என்று கேட்டேன். தப்பான ஆள்கிட்ட சரி வாங்கி ஊசி போட்டவ கையில யாராவது பச்சக் குழந்தையைக் குடுப்பாங்களா என்று என்னைத் திருப்பிக் கேட்டார். எத்தனை பிள்ளைகளை ஏந்திய கை அது, அந்தக் கையை இப்போது தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

உன்னையும் நீ வதைத்துக்கொள்ளாதே. என் மெஷின் ஏன் முதல் தடவையே பிடிக்கவில்லை என்று நீ தூங்காமல் கிடப்பதாக மாப்பிள்ளை அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். பாதியையாவது அதுதானே பிடித்தது, அது இல்லையென்றால் அத்தை கடைசிக் காசையும் வாய்விட்டுப் படித்து அனுப்பியிருப்பார். ஆனால் எச்சரிக்கையை இன்னும் பெரிய எழுத்தில் சிவப்பாகப் போடப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு உன் வேலையில் அ ஆ கூடத் தெரியாது, இருந்தாலும் சொல்கிறேன், இன்னும் பெரிய எழுத்தில் இருந்திருந்தால் அத்தை இன்னும் சத்தமாகப் படித்திருப்பார், அவ்வளவுதான். காதில் இன்னொருத்தன் இருக்கும்போது கேட்கிற கேள்விக்கு அவன்தானே பதில் சொல்கிறான். இதற்கு என்ன செய்ய முடியும், ஃபோனை வைக்கும்வரை மெஷின் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க முடியுமா முடியாதா, அதெல்லாம் படித்த நீங்கள் உட்கார்ந்து யோசியுங்கள், நான் காதால் கேட்டதை எழுதிவிட்டேன். உங்கள் ஆபீசில் அத்தையின் விஷயத்தை மெஷினுக்குப் பாடமாகக் கொடுத்திருக்கிறீர்களாம், கொடுங்கள், நாலு பேர் தப்பித்தால் நல்லதுதான். அத்தைக்கு மட்டும் நீ பாடம் எடுக்காதே.

சரி, கை வலிக்கிறது, முடிக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, படிக்கட்டில் பார்த்து இறங்கு, இரும்புச் சத்து மாத்திரையை மறக்காமல் ராத்திரி பாலோடு விழுங்கு

பாப்பா, வரி பாதியில் நின்றதற்குக் காரணம் இருக்கிறது. அத்தை டீயோடு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரியவில்லை. எழுதி முடித்த தாள்களைக் கத்தரிக்கோலுக்கு அடியில் கவிழ்த்து வைத்திருந்தேன், நல்ல வேளை, இந்தக் கடைசித் தாள் மட்டும்தான் அவர் கண்ணில் பட்டது. இரும்புச் சத்து மாத்திரையை மறக்காமல் ராத்திரி பாலோடு விழுங்கு என்று என் தலைக்கு மேல் கணீரென்று ஒரு குரல் கேட்டது. எத்தனை நாளுக்குப் பிறகு! எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது, திரும்பிப் பார்த்தால் எங்கே நிறுத்திவிடுவாரோ என்று திரும்பவேயில்லை. பாலோடயா, எந்த மடச்சி சொன்னா உனக்கு, பாலோட போட்டா இரும்பு உடம்புல ஒட்டவே ஒட்டாது, வெறும் வயித்துல எலுமிச்சம்பழச் சாறோட போடச் சொல்லு, குமட்டினா ரெண்டு வாய் சாப்பிட்டுப் போடலாம், டீயும் கூடாது, கால்சியம் மாத்திரை தனியா வேற வேளைக்கு, எழுது என்றார். எழுதினேன். எழுதுனதைத் திருப்பிப் படி என்றார். படித்தேன். சரி என்றார், டீயை வைத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது இதை எழுதும்போது அடுத்த அறையில் என் துணி அலமாரி திறக்கும் சத்தம் கேட்கிறது. எதற்கென்று நான் போய்ப் பார்க்கவில்லை.

அதனால் கேள், இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கூப்பிடு. என்னிடம் பேசாதே, அத்தையைக் கூப்பிடச் சொல். அவர் குழாயைத் திறந்தால் நான் போய் மூடுகிறேன், அது என் பாடு. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், மன்னிப்பும் கேட்காதே, நான் இதையெல்லாம் எழுதியதாகவும் காட்டிக்கொள்ளாதே. மாத்திரையை எப்படிப் போடணும் அத்தை என்று மட்டும் கேள். அவர் சொல்லச் சொல்ல நீ ஒன்று விடாமல் திருப்பிச் சொல்லு. அவர் வாயிலிருந்து சரி என்று வரும்வரை ஃபோனை வைக்காதே.

நீயும் உன் வயிற்றில் இருப்பதும் ஒரு குறையும் இல்லாமல் இரண்டு உயிராகப் பிரிந்து நல்லபடி இருக்க வேண்டும், அந்தப் பிள்ளையை முதலில் ஏந்துவது உன் அத்தையின் கையாக இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா