மாட்டில் தொடங்கும் விசாரிப்பு

கிழக்குத் தாம்பரம்,
நவம்பர் 1996

அன்புள்ள சரோஜினிக்கு,

மாட்டைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு மனுஷரைப் பார்க்கத் தெரியாது என்று சொல்லிவிட்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போனாய். நாற்பது வயதுக்கு மேல் மறுபடியும் படித்து, ஊர்க் காய்ச்சலுக்குக் காரணம் தேடும் வேலைக்கு நான் வந்ததில் உனக்குச் சம்மதமில்லை. அந்த வேலை எப்படி நடக்கிறது என்று மட்டும் எழுதுகிறேன்.

மழை விட்டதும் பெரும்பாக்கத்தில் எலிக்காய்ச்சல் பரவியது. எங்கள் குழுவின் இளம் டாக்டர்கள் வீடு வீடாகப் போய், "யாருக்காவது காய்ச்சலா?" என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் எல்லாரும் இல்லை என்றார்கள்.

நான் பழைய வழக்கப்படி, "மாடு தீனி எடுக்குதாம்மா?" என்றேன்.

"மாடு நல்லாத்தான் கீது சார். எங்க வூட்டுக்காரருதான் கஞ்சிகூட குடிக்காம படுத்துகினு கீறாரு" என்றாள் செல்லம்மா என்ற பெண். அவர் பிழைத்துக்கொண்டார். இப்போது அந்த டாக்டர்களும் மாட்டை விசாரித்துவிட்டுத்தான் மனுஷரிடம் வருகிறார்கள்.

இங்கே எல்லாம் சௌகரியம். காட்டாங்குளத்தூரில் உன் அண்ணன் வீட்டுப் பக்கம் தண்ணீர் வடிந்திருக்கும்.

போகும்போது கூடையில் வைத்து எடுத்துப் போனாயே, அந்தப் பூனை சரியாகச் சாப்பிடுகிறதா?

இப்படிக்கு,
உன் மாட்டு டாக்டர்