நான் போடாத கையெழுத்து

மகாராஜபுரம்
27.6.1988

பிரியமுள்ள அத்தானுக்கு,

உங்கள் செல்லக்கனி எழுதுவது. இங்கே நானும் நம் அழகுத்தாயும் மாடுகளும் சௌக்கியம். மாடுகள் உங்களைத் தேடவில்லை. மகள்தான் பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறாள். நான் ஓடுவதில்லை, எட்டிப் பார்ப்பதோடு சரி.

உங்கள் கடிதம் கிடைத்தது. நம் ஊரிலும் செம்புச் சுரங்கம் வரப்போகிறது, நிலத்துக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிடு, இந்த இரும்புச் சுரங்கத்தை விட்டுவிட்டு அங்கேயே வேலைக்குச் சேர்ந்துகொள்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

வியாழக்கிழமை கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். உங்கள் தம்பி சோலைராஜ், "அண்ணன் ஊரோட வாரதுக்கு வழி பொறந்திருக்கு மதினி, என்ன யோசிக்கீக?" என்று பேனாவைத் திறந்தே கொடுத்தார். வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் அப்பா கொடுத்த நிலம் என்ற திமிர் எனக்கு என்று தம்பி நினைக்கிறார். அது இல்லை அத்தான்.

சித்திரையில் அவர்கள் சோதனைக்குத் துளை போட்டதிலிருந்து நம் கிணறு கலங்கிக் கிடக்கிறது. மாடு வாயை வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. பால் குறைந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைக்காரர் என்னவென்று கேட்டுவிட்டார். கம்பெனி ஆள், "ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும்மா" என்றார். ஆனி பிறந்தும் தெளியவில்லை.

நீங்கள் வருவதானால் அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் ஒவ்வொரு லீவு முடிந்தும் நம் கிணற்றுத் தண்ணீரைக் கேனில் பிடித்து, ரயில் மாறி மாறிச் சுமந்துகொண்டு போகிறீர்களே! அங்கே ஓடையெல்லாம் செக்கச்செவேலென்று ஓடுகிறது, வயலில் சுரங்க மண் படிந்து விளைச்சலே இல்லை, அந்த ஊர்ப் பெண்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறார்கள் என்று சொன்னதும் நீங்கள்தான். இங்கேயும் அப்படி ஆகிவிட்டால் எங்கே போய்க் கேனை நிரப்புவது? அந்த நினைப்பு வந்ததும் கை ஓடவில்லை.

உங்களை வரவிடாமல் செய்தவள் நானேதான் என்று அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தனியாக இருந்து இருந்து எனக்கு அலுத்துவிட்டது அத்தான்.

கிணறு தெளிந்தால் இன்னொரு மாடு வாங்கலாம், தோட்டத்தில் கத்தரி போடலாம் என்று யோசனை. உங்கள் சம்பளம் மாதிரி வராது, தெரியும். இரண்டு பேராகப் பாடுபட்டால் கஞ்சிக்குக் குறைவு வராது.

ஆண்டாள் தாயார் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும். என் மேல் கோபமாக இருப்பீர்கள். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். கடிதத்தில் மட்டும் திட்டாதீர்கள். நேரில் வந்து திட்டுங்கள்.

உங்கள்
செல்லக்கனி