பதினேழாம் நம்பர் பஸ்ஸின் பின்பக்கம்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும், வேறென்ன வேண்டும் எனக்கு. நாங்கள் இருவரும் நலம் என்று எழுதப் போனேன், உன் அப்பா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, பொய் எழுதாதடி, இதுவரைக்கும் சொன்னது போதாதா என்கிறார். ஆகையால் நான் நலமா இல்லையா என்பது வரும் புதன்கிழமை தெரியும் என்று எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்துவாய், பதிலுக்கு நானும் கத்துவேன், விஷயம் அந்தரத்தில் நிற்கும். கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் கத்து.

ஆறு மாதத்துக்கு முன் நம் தையல் கடைக்கு ஒரு போட்டோக்காரர் வந்தார். பேண்ட் ஜிப் ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. மறைவுக்குப் போய் எப்படியோ கழற்றி எறிந்தார். திரைக்குப் பின்னால் சும்மா நிற்கக் கூடாதா, மனிதர் அந்தத் திரையையே உருவி இடுப்பில் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, ஆச்சா ஆச்சா என்கிறார். நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உடனே அவர், அம்மா அப்படியே இருங்க, இந்தச் சிரிப்பைத்தான் நாலு நாளா தேடிட்டிருக்கேன் என்று கேமராவைத் தூக்கிவிட்டார். ஒரு தாளை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். எந்தத் துணியையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் ஊசி வைக்காதவள் நான், அந்தத் தாளை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் பதினேழாம் நம்பர் பஸ்ஸின் பின்பக்கம் முழுக்க நான்! முப்பத்திரண்டு பல்லும் தெரிகிறது. பக்கத்தில் பெரிய எழுத்தில், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டேன், நிம்மதியாக இருக்கிறேன், நீங்கள்? என்று. நான் எங்கே செய்துகொண்டேன்? சுகாதார அலுவலகத்திலிருந்து வந்த அழைப்புக் கடிதத்தை நாலாக மடித்து, ஆடுகிற தையல் மெஷின் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தேன். உன் அப்பாவுக்கு ஒரு பக்கம் பெருமை தாங்கவில்லை, இன்னொரு பக்கம், இத்தனை வருஷத்துல என்னைப் பார்த்து ஒரு நாளாவது இப்படிச் சிரிச்சிருக்கியா என்று முறைப்பு. புகைக்குழாய் சரியாக என் முகவாய்க்குக் கீழே இருப்பதால் நாலே நாளில் எனக்குக் கரித்தாடி முளைத்துவிட்டது. இவர் வாளியும் ஈரத்துணியுமாக பஸ் டெப்போவுக்குப் போய், வாரம் ஒருமுறை எனக்கு முகம் துடைத்துவிட்டு வருகிறார். வீட்டில் ஒரு தட்டைத் துடைத்திருப்பாரா கேள்!

அதற்குள் தெருப் பெண்களெல்லாம் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்து, வலிக்குமா என்று காதோரமாகக் கேட்க ஆரம்பித்தார்கள். பஸ்ஸில் ஒட்டிய பிறகு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரெண்டு தட்டுக்கு நடுவுல வெச்சு அழுத்துவாங்க, அழுத்துற நேரம் பல்லைக் கடிச்சுக்கோ, முடிஞ்சது என்று யாரோ எப்போதோ சொன்னதை என் அனுபவம் போல அள்ளிவிட்டேன். போதாக்குறைக்கு, முடிச்சதும் பிஸ்கட் குடுப்பாங்க என்றும் சொல்லித் தொலைத்தேன். போனவர்கள் எல்லாரும் பிஸ்கட் எங்கே என்று நர்ஸைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். பாவம் அந்தப் பெண், பதில் சொல்லி மாளாமல் ஒரு டப்பா வாங்கி வைத்துவிட்டாள். இப்போது நிஜமாகவே கொடுக்கிறார்கள்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, கணக்கு டீச்சர் வரும்வரை. உனக்குப் பத்தாம் வகுப்பில் எடுத்தாரே, அவர்தான். என் பேச்சைக் கேட்டுப் போனவருக்குச் சின்னக் கட்டி இருப்பது தெரிந்தது. கடை வாசலில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, சின்னதா இருக்கும்போதே கண்டுபிடிச்சுட்டாங்க, நீங்க தைரியமா போயிட்டு வந்ததைப் பார்த்துதான் நானும் போனேன் என்று அழுதார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று கண்ணு. அவர் போனதும் மெஷினுக்கு அடியில் குனிந்து கடிதத்தை உருவி எடுத்தேன்.

மறுநாளே போனேன். முதல் தடவையா என்று நர்ஸ் கேட்டாள், ஆமாம் என்றேன். அவள் தலைக்குப் பின்னால் அதே விளம்பரத்தில் சுவர் உயரத்துக்கு நான் சிரிக்கிறேன். அவள் என்னைப் பார்த்தாள், திரும்பிச் சுவரைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். உங்க அக்காவா என்றாள். ஆமா, அக்காதான் என்றேன்! அதையும் குடும்ப விவரத்தில் எழுதிக்கொண்டாள், ஒரு சகோதரி, பரிசோதித்தாயிற்று, நலம் என்று. தாத்தாவும் பாட்டியும் பெறாத ஒருத்தியை நான் அறுபத்தேழு வயதில் பெற்றுவிட்டேன். பிஸ்கட்டும் கொடுத்தாள், முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன்.

பத்து நாளில் கடிதம் வந்தது. இடது பக்கம் இன்னொரு படம் எடுக்க வேண்டும், புதன்கிழமை வா என்று. திரும்பக் கூப்பிட்டாலே நோய்னு அர்த்தமில்லம்மா, நிறையப் பேருக்கு ஒண்ணும் இருக்காது என்று நர்ஸ் போனில் சொன்னாள். இருந்தாலும் பயமாக இருக்கிறது. மறைப்பானேன், ரொம்பவே பயமாக இருக்கிறது. உன் அப்பா நேற்று மூன்று தட்டைத் துடைத்து வைத்தார். டாக்சியில் போகலாம் என்கிறார். வேண்டாம், பதினேழிலேயே போகலாம் என்றேன். கடைசி சீட்டில் உட்கார்ந்துகொள்வோம். உள்ளே பயந்துகொண்டு ஒருத்தி, வெளியே சிரித்துக்கொண்டு ஒருத்தி. எங்களுக்குப் பின்னால் வருகிற வண்டிக்காரர்களுக்கு அவளைத்தான் தெரியும். போனதும் முதல் வேலையாக டாக்டரிடம் எனக்கு அக்கா இல்லை, அது நான்தான் என்று சொல்லிவிடுவேன்.

உனக்கும் அந்த ஊரில் இதே மாதிரி கடிதம் வந்து, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியபடி மாதக்கணக்காக இருப்பதாகப் பேத்தி சொல்லிவிட்டாள், அவளைத் திட்டாதே. ஐம்பது வயதாகப் போகிறது உனக்கு. உன்னை நான் எந்த வாயால் அதட்டுவது, நீ என் மகளாயிற்றே. போய்விட்டு வாடி. பிஸ்கட் தராவிட்டால் கேட்டு வாங்கு.

நீ நூறு வயது நன்றாக இரு, மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே. கடிதத்தை உருவியதிலிருந்து மெஷின் பழையபடி ஆடுகிறது. அப்பா அட்டை வெட்டித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். நீ பரிசோதனைக்குப் போய் வந்த சீட்டை அனுப்பு, அதை மடித்துத்தான் வைப்பேன். அதுவரை ஆடட்டும்.

இப்படிக்கு,
கூடப்பிறந்த அக்கா யாரும் இல்லாத
உன் அம்மா