எதிர்ப் பட்டறைக்கு ஒரு லேத்து

என் பிரியமுள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் பாதியில் விட்டுப்போன லேத்து ஓடுகிறது. முதலில் இதைச் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

இதற்காக நாம் போட்ட சண்டை கொஞ்சமா? நீலகிரியிலிருந்து மின்சாரம் வந்து, கோயமுத்தூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் எல்லாம் கிணற்றுக்குப் பம்பு கேட்கிற நேரம். நீங்களோ பம்பை விட்டுவிட்டு, அதன் உறுப்புகளைக் கடையும் இந்த லேத்து இயந்திரத்தைச் செய்ய உட்கார்ந்தீர்கள். “இதுக்கும் சீமையையே நம்பிக் கெடந்தா எப்படிங்க மச்சான்? நாட்டுக்குத் திட்டம் போடறவங்க மொதல்ல இதைத்தானுங்க போடோணும்” என்பீர்கள். திட்டம் போட உங்களை யார் கூப்பிட்டார்கள் என்று நான் கேலி செய்வேன். காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு, மீதியை முடிக்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஓட்டிப் பார்த்த அன்று பட்டறை ஆட்கள் பூஜை போட்டார்கள். கத்தி நகரும் பாதை முழுக்கச் சந்தனத்தை அப்பிவிட்டார்கள். நானும் பக்தி மேலிட்டு அதன்மேல் விபூதியைத் தூவினேன். எதிர்ப் பட்டறைக்காரர் பார்க்க வந்த நேரத்தில், எல்லாம் காய்ந்து இறுகி, லேத்து நடுவில் நின்றுவிட்டது. மானம் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு துண்டும் நாமே வார்த்தது அல்லவா? பிரித்துத் துடைத்து, எண்ணெய் விட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குள் மறுபடி பூட்டி ஓட்டிவிட்டோம். அவர் கூடவே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சீமை லேத்து உடைந்து, கப்பலில் சாமான் வர வேண்டுமென்று மாதக்கணக்கில் சும்மா கிடக்கிறது.

மறுநாள் வந்தார். “ஏனுங்க, எனக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தாரீங்களா?”

எனக்குப் பயம் வந்துவிட்டது. அவரும் பம்பு செய்கிறவர். நம்மிடம் வருகிறவர்கள் அங்கே போய்விட்டால், உங்கள் பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வது? நீங்களாக இருந்தால் யோசித்தே இருக்க மாட்டீர்கள், இல்லையா?

உங்கள் சம்சாரத்திடம் கேட்டேன். என் தங்கச்சிதான், ஆனால் பேச்சு உங்களுடையது. “குடுத்துப்போடுங்கண்ணா. இத்தனை கெணத்துக்கும் நாம ஒருத்தரே செஞ்சு முடிக்க முடியுங்களா? அவரும் செய்யலீன்னா சீமைப் பம்புதான் வந்து எறங்கும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது, மாப்பிள்ளை. சந்தோஷத்தில்தான்.

நேற்று அவருக்காக வார்ப்பு ஊற்றினோம். அவருடைய ஆட்களும் வந்து கைகொடுத்தார்கள். வேலை முடிந்ததும் நானே முன்னால் நின்று, தெருவைத் தாண்டி அவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவேன். அப்புறம் திரும்பி வந்து, அவரைவிட நல்ல பம்பாகச் செய்வேன். இது சத்தியம்.

உங்கள் மச்சான்,
உங்கள் பிள்ளைகளின் தாய்மாமன்