மாப்பிள்ளை என்று அம்மா பெயர் வைத்த பெட்டி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று அடுத்த வரியை எழுதக் கை வரவில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே நீ அழுவாய், இல்லை குறுக்கே பேசுவாய். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வயிற்றுக் கோளாறு என்று உன் அண்ணன் சொல்லியிருப்பான். கோளாறுதான், ஆனால் அது எப்படி வந்தது என்று அவனுக்கே முழுசாகத் தெரியாது. கட்டிடத்தைக் காலி பண்ண வைப்பதற்காக வீட்டுக்காரன் கரண்டையும் கேஸையும் நிறுத்தினது உனக்குத் தெரியும். சிலிண்டர் உள்ளே போகக் கூடாது என்று வாசலில் ஒரு தடியனை உட்காரவைத்ததும் தெரியும். மற்றவர்கள் எல்லாம் மூட்டை கட்டிவிட்டார்கள். மூன்று மாடியில் நாங்கள் இரண்டு பேர்தான். நீ கரண்டைச் சேர்த்துவைக்கும் பேட்டரிப் பெட்டியையும் அதில் மாட்டிச் சமைக்க ஒரு சின்ன கரண்ட் குக்கரையும் அனுப்பிய அன்றைக்கு அந்தத் தடியன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது சிலிண்டர் இல்லையே என்று முழித்தான். எனக்கு அன்று வந்த சிரிப்பு ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

பெட்டியின் குணத்தை நானே கண்டுபிடித்தேன். தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலை மாட்டினால் ஒரு கத்து கத்திவிட்டு அணைந்துவிடும். கரண்ட் அடுப்பை அது ஏற்கவே ஏற்காது. குக்கர் ஒன்றைத்தான் தாங்கும், அதுவும் அரிசியையும் பருப்பையும் முன்னாடியே ஊறப்போட்டு, தண்ணீரை அளவாக ஊற்றினால்தான் ஒரு சார்ஜ் இரண்டு வேளைக்கு வரும். சார்ஜ் இறங்கியதும் பெட்டியைத் தோளில் வைத்து மூன்று மாடி இறங்கி எதிர்த்த தையல்கடையில் மாட்டிவிட்டு வருவேன். உன் அம்மா ஜன்னலில் நின்றுகொண்டு, "மாப்பிள்ளைக்குப் பசி வந்துடுச்சா, பார்த்துக் கூட்டிட்டுப் போங்க" என்பாள். நீ கல்யாணப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறாய், அதனால் நீ அனுப்பிய பெட்டியே மாப்பிள்ளை ஆகிவிட்டது. தையல்காரர், "பெரியவரே, மாப்பிள்ளை என்ன தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குறாரு, ஒரு சட்டைக்காவது காஜா எடுக்கச் சொல்லுங்க" என்பார். இப்படித்தான் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரனோடு நடக்கும் வழக்கு விசாரணைக்குக் கோர்ட்டுக்கு வரச்சொன்ன நாளில் விடிந்ததும் சமைத்தேன். சோறும் பருப்பும் ஒன்றாகக் குழைய வெந்ததும் குக்கர் தானே சோற்றைச் சூடாக வைத்திருக்கும் என்று காட்டும் விளக்கு எரிந்தது, திறக்காமல் அப்படியே விட்டேன். மத்தியானம் சூடாகச் சாப்பிடு, நான் வர நேரமாகும் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். விசாரணை நடக்கவில்லை. அந்தப் பக்கத்து வக்கீல் வரவில்லை என்று சாயங்காலம் வரைக்கும் பெஞ்சில் உட்காரவைத்துத் தேதி மாற்றி அனுப்பினார்கள். நான் வந்து பார்க்கும்போது அவள் குளியலறை வாசலில் சுருண்டு கிடந்தாள். வாந்தியும் பேதியும் நிற்கவே இல்லை. லிஃப்ட் செத்து எத்தனையோ நாளாகிறது. தையல்காரரும் நானும் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். உடம்பில் தண்ணீரே இல்லை, சிறுநீரகம் அடிபட்டுவிட்டது என்றார் டாக்டர்.

அவளைச் சேர்த்துவிட்டு வந்து அதே மாதிரி சமைத்து பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தேன். வெந்து முடிந்து சூடு காக்கும் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் பெட்டி தானாக அணைந்தது. சூடு காக்க மட்டும் குக்கர் இழுக்கிற கரண்ட் மிகவும் குறைவு, அதனால் யாரும் எதையும் மாட்டவில்லை என்று பெட்டி நினைத்துக்கொள்கிறது. அன்றைக்கு அடைத்துக் கிடந்த வீட்டின் புழுக்கத்தில் அந்தச் சோறு மத்தியானம் வரை வெதுவெதுப்பாகவே கிடந்திருக்கிறது. பெட்டி வந்த புதிதிலேயே, அது தானாக அணையாமல் இருக்க ஏதோ மாற்றி வைக்கணும் என்று நீ போனில் ஆரம்பித்தாய். லேத் பட்டறையில் கண்ணால் பார்த்தே தொழில் படித்தவன் நான், எனக்குப் பாடம் எடுக்காதே என்று உன் வாயை அடைத்தேன். நீ சொன்னாய், நான் கேட்கவில்லை. எழுதிவிட்டேன், இதைப் பற்றி நீ இனி என்னிடம் பேசவேண்டாம்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். கொஞ்சம் தெளிந்து கண் திறந்தபோது அவளிடம் கேட்டேன், உனக்கு வாடை தெரியவில்லையா என்று. தெரிந்தது என்றாள். "வாடை வந்துச்சு, நூல் மாதிரி இழுத்துச்சு. தெரிஞ்சுதான் சாப்பிட்டேன். கொட்டினா நீங்க வந்ததும் மறுபடி அந்தப் பெட்டியத் தூக்கிட்டு மூணு மாடி எறங்கி ஏறுவீங்க. உங்க நெஞ்சு கெடக்குற கெடப்புக்கு அது ஆகுமா" என்றாள். நான் போர்வையை இழுத்து அவள் காலை மூடினேன்.

உன் அண்ணன் வார்டு என்றும் பார்க்காமல் கத்தினான். "அந்தச் செவுத்தக் கட்டிக்கிட்டு அம்மாவக் கொல்றீங்கப்பா, சாவியக் குடுங்க, நான் போய் ஒப்படைச்சுட்டு வரேன்" என்றான். கொடுக்கவில்லை. எத்தனையோ வருஷம் நான் ஒழுங்காக இருந்த வீடு, கரண்டை நிறுத்தி என்னைத் துரத்த எவனுக்கும் உரிமை இல்லை, அதில் இன்றைக்கும் மாற்றம் இல்லை. உன் அம்மா சொல்லட்டும், அவள் தன் வாயால் கொடுத்துடுங்க என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அந்த நிமிஷமே கொடுக்கிறேன் என்று அவனிடம் சொன்னேன். ஆனால் அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. கண்ணைத் திறக்கிறாள், கூரையைப் பார்க்கிறாள், மூடிக்கொள்கிறாள்.

தினமும் கஞ்சி வைத்துச் சூடு ஆறுமுன் எடுத்துக்கொண்டு ஓடுவேன். முதலில் ஒரு ஸ்பூன் நான் குடித்துக் காட்டிவிட்டு அவளுக்கு ஊட்டுவேன். இன்றைக்கு நர்ஸம்மா, "ஐயா, இனிமே எதுவும் கொண்டு வராதீங்க, எல்லாம் ட்ரிப்ஸ்தான்" என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். திரும்பி வந்து அந்தக் கஞ்சியைக் கொட்டினேன். பெட்டியில் இன்னும் சார்ஜ் இருந்தது. எதையும் மாட்டாமல் பட்டனை அழுத்திவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். இந்த வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்து அது தானாக அணைந்துவிட்டது.

நீ புறப்பட்டு வா. நான் யாரிடமும் வா என்று கேட்டவன் இல்லை, உனக்குத் தெரியும். நீ வந்து கூப்பிட்டால் அவள் ஒருவேளை வாய் திறப்பாள். என்ன சொன்னாலும் சரி, கேட்டுக்கொள்கிறேன். இதைவிடப் பெரிய பெட்டி இருக்கிறது என்று எதையும் தூக்கிக்கொண்டு வராதே. வெறும் கையோடு வா, பின்பக்கப் படியில் ஏறு, முன்படியில் கைப்பிடி உடைந்திருக்கிறது.

எங்கே இருந்தாலும் குறையில்லாமல் இரு. சமைத்தால் சூட்டோடு சாப்பிடு. மிஞ்சினால் யாருக்காகவும் பார்க்காதே, கொட்டிவிடு.

இப்படிக்கு,
சாவியை இன்னும் கையில் வைத்திருக்கும்
உன் அப்பா