காற்றுப் புகாத அடைப்பு

நாள் 212. காலை 9.10
எழுதுபவர் யூஜினா, நிலைய மருத்துவர், படிப்பால் பல் டாக்டர். இடம் செவ்வாயின் குட்டி நிலா போபோஸ். ஆட்கள் இருவரே. மற்றவர் பொறியாளர் இசக்கியப்பன். நான் தூத்துக்குடி, அவர் ஸ்ரீவைகுண்டம். அதனால் எனக்கு அண்ணாச்சி.

அண்ணாச்சிக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. பிடுங்கிவிடச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றார். நான் மசியவில்லை. சொத்தையைக் கண்டதும் துளைக்கிற ஆள், பிடுங்குகிற ஆள் நானில்லை. மெஷினைத் தொடாமல், பல் சுரண்டும் சின்னக் கைக்கரண்டியால் இளகிய பகுதியை மட்டும் சுரண்டி எடுத்தேன். நரம்பை ஒட்டிய கடைசிப் படலத்தை அப்படியே விட்டுவிட்டு, மேலே சிமெண்ட் வைத்து இறுக்கமாக அடைத்தேன். உள்ளே மாட்டிக்கொண்ட கிருமிக்கு இனிச் சோறில்லை. அது அடங்கும், நரம்பு பிழைக்கும். சிமெண்டைக் குழைப்பதுதான் பெரும்பாடு. இங்கே எதற்கும் எடையே இல்லாத மாதிரி இருப்பதால், உள்ளே மாட்டும் காற்றுக் குமிழி மேலே வராமல் அடம்பிடிக்கிறது.

நாள் 219. மதியம் 1.30
பல் அமைதியாக இருக்கிறது. பொட்டலத்து முறுக்கைக் கடித்துக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை, ரொம்பக் கேலி பேசுவார்.

நாள் 223. காலை 6.40
விண்கல் துகள் பட்டு, வெளியே ஆக்சிஜன் குழாயின் வால்வு நசுங்கிவிட்டது. காற்று கசிந்துகொண்டே இருக்கிறது. நான்கு போல்ட்டைக் கழற்றி வால்வை மாற்றினால் பிழைப்போம். இல்லையென்றால் நாளைக்குள் முடிந்தது. பூமியிலிருந்து ஆள் வர எட்டு மாதம் ஆகும்.

வெளியே போகும் உடை ஒன்றுதான், அவர் அளவுக்குச் செய்தது. அதில் ஒரு தடவைக்கான காற்றுதான் இருக்கிறது. அதை நிரப்புவதும் இதே குழாய். அண்ணாச்சி போகிறார். பல் தொந்தரவு தராதுதானே என்று கேட்டார். தராது என்று சொன்னேன்.

நாள் 223. காலை 8.05
வானொலியில் பேசியது அப்படியே.

"டாக்டரம்மா, ரெண்டு போல்ட்டு கழண்டுட்டு. ஆனா பல்லு தெறிக்கி. கண்ணு இருட்டிட்டு வருது."

"எப்பத்துல இருந்து அண்ணாச்சி?"

"கதவு தெறக்கும்போதே ஆரம்பிச்சிட்டு. சொன்னா நீங்க விடமாட்டீய."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடைக்குள் காற்றழுத்தம் இங்கே இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. அடைப்புக்கு அடியில் ஒரு குமிழி மாட்டியிருக்கிறது. வெளியே அழுத்தம் குறையக் குறைய அது ஊதுகிறது. போக வழியில்லாமல் நரம்பை நெரிக்கிறது. ஊரில் இத்தனை வருஷம் இதே வைத்தியம் பார்த்தேன். தரையை விட்டு ஏறாதவர்களுக்கு இது வராது. நான் யோசிக்கவே இல்லை. கடவுளே, யோசிக்கவே இல்லை.

"உடையில ப்ரெஷர கூட்டுங்க. வலி கொறையும்."

"கூட்டிட்டேன். வலி கொறைஞ்சிட்டு. ஆனா கையுறை பலகை மாதிரி விறைச்சிட்டு. வெரலு மடங்க மாட்டுக்கு. போல்ட்டப் பிடிக்க முடியல."

"உள்ள வந்துருங்க அண்ணாச்சி. அடைப்பைப் பேத்து எடுத்துருதேன்."

"வந்தா திரும்பப் போகக் காத்து ஏது? கொறைச்சிட்டே பாக்கேன்."

குறைத்தார். மூன்றாவது போல்ட்டும் கழன்றது. அவர் கத்தியதை எழுத எனக்கு மனமில்லை.

"டாக்டரம்மா, கொமட்டுது... வாந்தி வருது..."

ஹெல்மெட்டுக்குள் வாந்தி எடுத்தால் அது கீழே விழாது. மூக்கிலும் வாயிலும் அப்பிக்கொள்ளும். அடக்கச் சொல்லிக் கத்தினேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன்.

நாள் 223. மாலை
அவர் உடையில் மாட்டியிருந்த கயிற்றை உள்ளேயிருந்தே விசையால் சுற்றி இழுத்து, அவரை உள்ளே கொண்டுவந்தேன். மூச்சு இல்லை. சுவரில் காலை ஊன்றி அவர் நெஞ்சை அழுத்தினேன். கை ஓய்ந்த பிறகும் அழுத்தினேன். ஒரு போல்ட் மிச்சம். உடையில் காற்று தீர்ந்துவிட்டது.

பூமிக்குச் சொல்லிவிட்டேன். வருந்துகிறார்கள்.

நாள் 224
தலை வலிக்கிறது. நகம் நீலம். எழுத்து இழுத்துக்கொண்டு போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. அடைப்பில் மயிரிழை விரிசல்கூட இல்லை. என் கை செய்ததிலேயே இதுதான் நல்ல வேலை.

ஓரத்தில் ஊசிமுனை ஓட்டை இருந்திருந்தால் போதும். குமிழி வெளியேறியிருக்கும். நாலாவதையும் கழற்றியிருப்பார். உள்ளே வந்து என்னைத் திட்டியிருப்பார்.

கொஞ்சம் அரைகுறையாகச் செய்திருக்கலாம் நான். கொஞ்சம்